நாலு மணிக்கு வா

மதியம் இரண்டு மணி. மண்சாலை. ஒன்பது கிலோமீட்டருக்கு ஆள் இல்லை, நாய் இல்லை, ஒரு லாரிகூட இல்லை. இரண்டு பக்கமும் பருத்திக் காடு. நடுவில் ஒரு பெண்பிள்ளை மட்டும் நடந்து வருகிறாள்... கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

“பகல் ரெண்டு மணிக்குப் பேய்க் கதையாக்கா? ராத்திரி பன்னெண்டுன்னு மாத்திக்கோ. எங்களுக்குப் பயம் வரணும்ல,” என்கிறான் தீத்தோ.

சிரித்துக்கொள். தலைநகரத்தில் பிறந்தவனுக்கு எங்கள் சாக்கோ மாகாணத்து வெயிலைப் பற்றி என்ன தெரியும்? இங்கே ராத்திரியில் ஊரே முற்றத்தில் நாற்காலி போட்டு அரட்டை அடிக்கும். ஊர் செத்துக் கிடப்பது மதியம் ஒன்றிலிருந்து நாலு வரைதான். கடை மூடும். கதவு மூடும். குழந்தைகளை அடித்துப் படுக்க வைப்பார்கள். அந்த நேரத்தில் வெளியே நடமாடுவது மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மாத்தே டீயை இப்படிக் கொடு. உறிஞ்சு குழலை முதலில் துடை, தீத்தோ... உன் மீசை பட்டது எனக்கு வேண்டாம். நாளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் அறுபது கணினிகளுக்கு லினக்ஸ் ஏற்றப்போகிறோம். கரண்ட்டும் போய்விட்டது. அதனால் சொல்கிறேன். என் தோழி நெலிதாவின் அக்கா புருஷனுக்கு நடந்தது இது.

அவன் பெயர் இலாரியோ கௌனா. ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். பிள்ளைகள் ‘சார்’ என்பார்கள். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொர்ததெல்லா இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே பிள்ளைகளின் கணினியில் தட்டுவான். கொழுப்பு அப்படியே பொத்தான்களில் மினுங்கும். ஸ்க்ரூடிரைவரால் காதைக் குடைந்து, அதையே திருப்பிக் கணினிக்குள் விடுவான். பள்ளியில் ஏசி இருந்தது சர்வர் அறையில் மட்டும். அங்கே ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு, தினமும் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை குறட்டை. அந்த அறைக்குள் போனால் வியர்த்த காலுறை நாற்றம் தொண்டையில் வந்து உட்காரும்.

அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசாங்கம் ஒரு சின்ன மடிக்கணினி கொடுத்திருந்தது. திருட்டுப் போகாமல் இருக்க அதில் ஒரு பூட்டு. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அந்தக் கணினி பள்ளிக்கு வந்து சர்வரோடு பேச வேண்டும். பேசாவிட்டால் திரை அப்படியே பூட்டிக்கொள்ளும். பிறகு இலாரியோ ஓர் எண் கொடுத்தால்தான் திறக்கும். இரண்டு நிமிட வேலை.

நாலாம் ஆண்டில் சுல்மா என்று ஒரு பெண். கோம் பழங்குடிப் பிள்ளை. வயது பதினாறு. அவள் வீட்டில் ஸ்பானிஷ் பேச மாட்டார்கள். கணினியில் இருந்ததோ எல்லாம் ஸ்பானிஷ். ஆனால் அது கட்டற்ற மென்பொருள்... யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், தன் பாஷையில் போட்டுக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம். செய்தவர் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. அந்த ஒரு மரியாதையைத்தான் அது கேட்கும். சுல்மா உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கோம் பாஷைக்கு மாற்ற ஆரம்பித்தாள். இடது பக்கம் ஸ்பானிஷ், வலது பக்கம் கோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் பாதி முடித்துவிட்டாள்.

அந்த அக்டோபரில் மழை. மூன்று வாரம் அவளால் பள்ளிக்கு வர முடியவில்லை. ஒரு நாள் கொஞ்சம் வெறித்ததும், பூட்டிக்கொண்ட கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அந்த மதியம் இரண்டு மணி, அந்தச் சாலை, முக்கால்வாசி தூரம் தாண்டியாயிற்று... அவள் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் வாய்க்காலில், முள்வேலியில் மாட்டிக் கிடந்தாள். மீன்கள் முகத்தை விட்டுவைக்கவில்லை. பிளாஸ்டிக் பை மட்டும் கையிலேயே இருந்தது, வாய் இறுக்கக் கட்டி.

“அன்னிக்கு யாரும் வரலையே. நான் பார்க்கலப்பா,” என்றான் இலாரியோ. சரி என்று விட்டுவிட்டார்கள்.

அவள் அப்பா எலியாஸ் அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இதுல அவ எழுதினது இருக்கு சார். பூட்டி இருக்கு. திறந்து குடுங்க. அவ பேரோட ஒரு நாள் பள்ளிக்கூடம் பூரா வரும்னு சொல்லிட்டே இருப்பா.”

“விட்டுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க.”

மறுநாள் வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுத்தான். “தண்ணி பூந்துடுச்சு பெரியவரே. ஒண்ணும் மிஞ்சல.” டிஸ்க்கை உருவி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டுதான் இப்படிச் சொன்னான். அந்த மனிதர் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். த்தூ.

இலாரியோவுக்கு அது தற்காலிக வேலை. டிசம்பரில் மாகாண அதிகாரிகள் வருகிறார்கள், ஏதாவது காட்டினால் நிரந்தரமாகும் என்று பேச்சு. டிஸ்க்கில் சுல்மாவின் வேலையைப் பார்த்தான். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அவள் பெயர். எல்லாவற்றையும் அழித்தான். ‘மொழிபெயர்ப்பு: இலாரியோ கௌனா’ என்று போட்டான். தலைமையாசிரியை அசந்துபோனார். “கோம் பாஷை எப்போ கத்துக்கிட்டீங்க?” “ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சேன் மேடம்.” ஒரு சொல் தெரியாது அவனுக்கு. தெரிந்த யாரிடமும் காட்டவும் மாட்டான். பார்த்தால் யாருடைய வேலை என்று கண்டுபிடித்துவிடுவார்களே! மீதிப் பாதி காலியாகவே கிடந்தது. கடைசி நேரத்தில் வாய்க்கு வந்ததைத் தட்டி நிரப்பிவிடலாம் என்று இருந்துவிட்டான்.

“அப்புறம்?” என்கிறான் தீத்தோ. இப்போது சிரிப்பு இல்லை.

ஒரு நாள் நாலு மணிக்குத் தூங்கி எழுந்தான். அறையில் ஒரு நாற்றம்... வாய்க்கால் சேறு, அதில் ஊறிய மீன் குடல். மேசைக்குப் போனான். கீபோர்டு ஈரம். பொத்தான்களின் இடுக்கில் கொழகொழவென்று பழுப்பாக ஏதோ. தொட்டால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு பொத்தானைச் சுற்றி நீளமான கறுப்பு முடி. தன் கையைப் பார்த்தான். பத்து நகத்துக்குள்ளும் கறுப்புச் சேறு.

திரையில் நாற்பது காலி வரிகள் நிரம்பியிருந்தன.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஓடுவீர்கள். நானும் ஓடியிருப்பேன். அவன் கைக்குட்டையால் கீபோர்டைத் துடைத்தான். அதே கைக்குட்டையால் முகத்து வியர்வையையும் ஒற்றிக்கொண்டான். பிறகு உட்கார்ந்து எண்ணினான். நாளைக்கு நாற்பது வரி என்றால் டிசம்பருக்குள் முடிந்துவிடும்!

இதை அவனே பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். “பேயா இருந்தா என்னடி? சம்பளம் கேக்காம வேலை செய்யுதே.”

தினமும் இரண்டு மணிக்குப் படுத்தான். தினமும் நாலு மணிக்குச் சேற்று நகத்தோடு எழுந்தான். அந்தக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ரொட்டியைப் பிட்டுத் தின்றான். நெலிதாவின் அக்கா அவன் துணியைத் தனியாக ஊற வைத்தாள். ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கையைத் தேய்த்துவிட்டாள். தலையணையில், பிசைந்த மாவில், குழந்தையின் கன்னத்தில்... அவன் தொட்ட இடமெல்லாம் மீன் குடல் நாற்றம். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டே வேலை செய்தாள். அவனுக்கு ஒன்றும் இல்லை. பழகிவிட்டதாம்!

டிசம்பர் வந்தது. கோம் பிள்ளைகள் படிக்கிற வகுப்பின் முப்பது கணினிகளிலும் அதை ஏற்றியாயிற்று. அதிகாரிகள் வந்தார்கள், கேமரா வந்தது. கூட்டம் காட்ட வேண்டும் என்று கோம் குடியிருப்பிலிருந்து லாரியில் ஆள் ஏற்றி வந்தார்கள். எலியாஸும் அதில் வந்து கடைசி வரிசையில் நின்றார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

முப்பது பிள்ளைகள் கணினியைத் திறந்தார்கள். முதலில் ஒரே கூச்சல். “ஏய், நம்ம பாஷைடி!” “இங்க பாரு, ‘சேமி’, ‘திற’ எல்லாம் நம்மளுது!” இலாரியோ மார்பில் கை கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றான்.

பிறகு யாரும் எதையும் தொடாமலே... முப்பது திரைகளிலும் ஒவ்வொரு பெட்டிச்செய்தி வந்தது. ‘கடவுச்சொல் தவறு’, ‘மீண்டும் முயல்க’ என்று வருமே, அந்த மாதிரிச் செய்திகள். சுல்மா முடிக்காமல் விட்ட பாதி.

கூச்சல் நின்றது. முதல் இருக்கைப் பெண் கோம் பாஷையில் ஒரு வரி படித்தாள். இரண்டாவது பையன் அடுத்த வரி. மூன்றாவது. கடைசி வரிசையில் எலியாஸ் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. இலாரியோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான், அவனைப் புகழ்கிறார்கள் என்று நினைத்து. அந்தச் சிரிப்பு வீடியோவில் இருக்கிறது. நான் பார்த்தேன். ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

அதிகாரியம்மா கேட்டார்: “என்னம்மா எழுதியிருக்கு? எங்களுக்கும் சொல்லேன்.”

முதல் பெண் ஸ்பானிஷில் சொன்னாள்: “‘சார், நான் சுல்மா. கதவைத் திறங்க.’”

அடுத்தவன்: “‘பெட்டி பூட்டிக்கிச்சு சார். எண் மட்டும் குடுத்தா போதும்.’”

“‘நீங்க உள்ளதான் இருக்கீங்க. குறட்டை கேக்குது.’”

“‘குறட்டை நின்னுடுச்சு. கட்டில் கிறீச்சுங்குது. முழிச்சுட்டீங்க.’”

“‘நாலு மணிக்கு வான்னு சொல்றீங்க. எங்கிட்ட கடிகாரம் இல்ல சார். பெட்டியிலதான் மணி பார்ப்பேன். அது பூட்டிக் கிடக்கு.’”

“‘மழை இருட்டிக்கிட்டு வருது. வாய்க்காலைத் தாண்டணும் சார்.’”

“‘எவ்வளவு நேரமா நிக்கிறேன்னு தெரியல.’”

ஒரு பிள்ளையும் நிறுத்தவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, படித்து, உட்கார்ந்தார்கள். செருப்பு போனது... தண்ணீர் இடுப்புக்கு வந்தது... பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தது... முப்பதாவது திரையில் செய்தி காலி. எல்லாத் திரைகளிலும் அடியில் ஒரே வரி: ‘மொழிபெயர்ப்பு: இலாரியோ கௌனா.’ அவன் கைப்பட வைத்த கையெழுத்து.

எலியாஸ் முன்னே நடந்து வந்தார். அடிப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருடா. அவ பேரைப் போடு.”

உட்கார்ந்தான். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். தட்டத் தட்டப் பொத்தான்களின் இடுக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்து மேசையில் வழிந்தது, மேசையிலிருந்து அவன் மடியில் சொட்டியது. அதிகாரியம்மா பொங்கி வந்த வாந்தியைக் கைக்குட்டையால் அடக்கிக்கொண்டு வெளியே ஓடினார். பெயர் முழுசாக வந்ததும் கசிவு நின்றது.

அவனை என்ன செய்தார்கள் என்கிறாயா? வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான்! எனக்கு ஆறாதது சேறும் முடியும் அல்ல, இதுதான். நெலிதாவின் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் இப்போதும் தோல் உரிய உரியக் கை கழுவுகிறானாம். நாற்றம் போகவில்லையாம். போகக் கூடாது.

கதை முடியவில்லை. இரு, எழுந்திருக்காதே.

அந்த டிஸ்க்கைத் தலைமையாசிரியை பிடுங்கி வைத்திருந்தார். அந்தப் பள்ளிக்கு லினக்ஸ் ஏற்றப் போன என்னிடம், எலியாஸிடம் கொடுக்கச் சொல்லித் தந்தார். போன மாதம் போனேன். ஒன்பது கிலோமீட்டர், அதே சாலை. போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு ஆகவில்லை. அவர் சுல்மாவின் கணினியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். டிஸ்க்கைத் திரும்ப மாட்டலாம் என்று திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே காய்ந்த சேறு, இரண்டு மீன் முள். டிஸ்க் இருந்த இடம் வெறும் குழி. பேட்டரியும் இல்லை, அதையும் இலாரியோ உருவிக்கொண்டிருந்தான். டிஸ்க் என் கையில் இருக்கிறது. கூடு மேசையில் திறந்து கிடக்கிறது.

அப்போது, சரியாக இரண்டு மணிக்கு, திரை எரிந்தது.

பூட்டுத் திரை. எண் கேட்கிற கட்டம். அதற்கு மேலே கோம் பாஷையில் ஒரு வரி. எனக்குப் படிக்க வராது. எலியாஸைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினமும் இந்த நேரத்துக்கு வருமாம்.

“என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

“‘சார், நாலு மணி ஆயிடுச்சா?’ன்னு கேக்குறா.”