இரண்டு துருப்புள்ளிகள்

காகிதத்துக்குக் கரையானைவிடப் பெரிய பகை குண்டூசி. கரையான் வந்தால் தெரிந்துவிடும். குண்டூசி சத்தமில்லாமல் துருப்பிடித்து, தான் இருந்த இடத்தையே அரித்துத் தின்றுவிடும். கவர்னர் ஐயாவின் காகிதங்களிலிருந்து நான் உருவிய குண்டூசிகள் ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய இருக்கின்றன. இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் எழுதித் தரச் சொன்னது இதையல்ல என்று தெரியும். ஆனாலும் இங்கிருந்து தொடங்கினால்தான் வரிசையாக வரும். வரிசை தப்பினால் எனக்குக் கை ஓடாது.

என் பெயர் கொளஞ்சி, ஊர் ஆண்டிமடம். ஐயா அரியலூரில் பிறந்து, வடக்கே ஒரு மாநிலத்தில் ஐந்து வருஷம் கவர்னராக இருந்தவர். அவர் காலமானபின் வீட்டில் இருந்த கடிதங்களையும் டைரிகளையும் குடும்பத்தார் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்து, பெரம்பலூரில் ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். பின்னால் சரித்திரம் எழுத வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான். மொத்தம் நாற்பத்தொரு பெட்டி. அத்தனைக்கும் பட்டியல் போட்டவன் நான் ஒருவன். என்னைப் படிக்கவைத்தவர் ஐயா. நூலகர் வேலைக்குச் சிபாரிசு செய்தவரும் அவரே. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், நான் நினைத்தேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. குண்டூசியை உருவினால், அது சேர்த்துப் பிடித்திருந்த இரண்டு தாள்களின் மூலையிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எது எதோடு இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான தாள்களுக்கு அப்படி எழுதியிருக்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் எழுதவில்லை.

பத்தொன்பதாவது பெட்டியில் இரண்டு தாள்கள் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தன. மேலே இருந்தது ஐயா கவர்னராக இருந்த மாநிலத்துச் சிறையிலிருந்து ஒருவர் தமிழில் எழுதிய மனு. "ஐயா, நானும் நம்ம குன்னம் பக்கந்தாங்க. கெணத்துக்கு போர் போடுற லாரியில வேலைக்கு வந்தேன். நான் யாரையும் கொல்லலைங்க" என்று தொடங்கி, மதுரைவீரன் என்று கையெழுத்து. அடியில் இருந்தது அந்தச் சிறையின் டாக்டர், ஐயாவுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிய ஆங்கிலக் கடிதம். கொலையைப் பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சி, பிறகு வேறொரு வழக்கில் அதே சிறைக்கு வந்து நோயில் படுத்திருக்கிறான். கொன்றது தன் அண்ணன் என்றும், பாஷை தெரியாத தமிழனுக்குக் கேட்க நாதியில்லை என்பதால் அவனைக் கைகாட்டியதாகவும் டாக்டரிடம் ஒப்புக்கொண்டு, அந்தத் தாளிலேயே கைநாட்டும் வைத்திருக்கிறான். வழக்குக் கோப்பை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் கெஞ்சியிருந்தார். ஓரத்தில் ஐயாவின் பச்சை மையில் இரண்டே வார்த்தை: "அப்புறம் பார்ப்போம்." அப்புறம் அவர் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் பதவி முடிந்து ஊருக்கு வந்துவிட்டார்.

பென்சிலை எடுத்து, கீழே வைத்துவிட்டேன். வரவிருந்த தையில் ஐயாவுக்கு நூற்றாண்டு விழா. அந்த மேடையில்தான் பட்டியல் புத்தகமாக வருவதாக இருந்தது. மனுவை மனுக்களோடு சேர்த்தேன். டாக்டர் கடிதத்தை நல்ல உறையில் போட்டு, எண் கொடுக்காமல், என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கிழித்துப்போடலாம் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. அந்தப் புத்தி எனக்குக் கிடையாது.

ஆனி மாதம் மணிமொழி வந்தாள். மதுரைவீரனின் மகள். அவர் உள்ளே போனபோது அவளுக்கு இரண்டு வயது, இப்போது பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அதுவரை அந்த மனிதர் இன்னும் சிறையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம், விசாரிக்கவில்லை.

"ஆவணியில யார விடுதல பண்ணலாம்னு பாக்குற ஜெயில் போர்டு கூடுதுங்க சார். அந்த டாக்டர் சாவறதுக்கு முன்னாடி எங்க வக்கீல்கிட்ட சொன்னாராம், கவர்னருக்கு லெட்டர் போட்டேன்னு. அது மட்டும் கெடைச்சுட்டா அப்பா வூட்டுக்கு வந்துடுவாருங்க" என்றாள்.

தேடிப் பார்க்கிறேன் என்று அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது மனுவை மட்டும் எடுத்துக் காட்டினேன். எழுத்தின் மேல் விரல் வைத்துச் சிரித்தாள். "எனக்கும் இதே கோழிக் கிறுக்கல்தாங்க. டீச்சர் திட்டாத நாளில்ல." பிறகு மேல் மூலைக்குப் போய் விரல் நின்றது.

"இதுல ரெண்டு துருப்புள்ளி இருக்குங்களே சார். இதோட வேற ஏதாச்சும் குத்தியிருந்துதுங்களா?"

முப்பது வருஷ அனுபவத்தில் எந்த ஆராய்ச்சியாளரும் கேட்காத கேள்வி. "பழைய பேப்பர்ல அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை வந்தபோது, கடிதம் இல்லையென்றால் இல்லை என்றாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி வக்கீல் கேட்டதாகச் சொன்னாள். அறக்கட்டளையின் தாளில் எழுதினேன்: அப்படியொரு கடிதம் இந்தத் தொகுப்பில் இல்லை. கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன். என் பட்டியலில் இல்லாதது தொகுப்பில் இல்லை. விதிப்படி அது பொய்யும் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோற்றுக்குக் கணக்குச் சொன்னவன் நான். போர்டு அந்தத் தாளைக் காட்டித்தான் விடுதலை இல்லை என்றது.

மார்கழிக் கடைசியில் மதுரைவீரன் சிறையிலேயே இறந்துபோனார். நெஞ்சுவலி என்றார்கள். உடம்பு ஊருக்கு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். தை ஐந்தாம் தேதி விழா நன்றாக நடந்தது. பட்டியலில் ஒரு பிழைகூட இல்லை என்று ஒரு பேராசிரியர் மேடையில் பாராட்டினார். எனக்குச் சால்வை போட்டார்கள்.

அடுத்த நாள் மணிமொழி கருமாதிப் பத்திரிகையோடு வந்து நின்றாள். "நீங்க அவசியம் வரணுங்க சார். இத்தன வருஷத்துல எங்கள உக்கார வெச்சுப் பேசுன ஆபீஸ் ஆளு நீங்க ஒருத்தர்தான்." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. வருகிறேன் என்றேன்.

குன்னத்தில் அவர்கள் வீட்டு வாசலில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே படத்துக்குப் பதில் அந்த மனுவுக்கு நான் எடுத்துக் கொடுத்திருந்த நகலைச் சட்டம் போட்டு மாலை போட்டிருந்தார்கள். சிறைக்குப் போனபின் எடுத்த போட்டோ எதுவும் இல்லையாம். இருந்த ஒன்றில் அவருக்கு இருபத்தைந்து வயது. துருப்புள்ளிகள் நகலில் கறுப்பாக விழுந்திருந்தன. மதுரைவீரனின் மனைவி கிருஷ்ணம்மாள் எனக்கு முதல் பந்தியில் இலை போட்டார்.

"எங்களுக்காக எம்புட்டு அலைஞ்சு தேடினீங்களாம், மகளு சொல்லிச்சு. கூச்சப்படாம சாப்புடுங்க" என்றார்.

சாப்பிட்டேன். ரசத்துக்கும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது: இப்போது இவர்கள் உப்பையும் தின்றுவிட்டேன். மூன்று நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் காலையில் உங்கள் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டேன்.

ஆக, என் ஒப்புதல் இதுதான். கடிதம் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டபோது அது எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் அந்த மனிதர் உயிரோடு ஊர் வந்திருப்பார். என் அப்பாவை நீங்கள்தான் கொன்றீர்கள் என்று மணிமொழி சொன்னால் நான் மறுக்க மாட்டேன். எந்தத் தண்டனைக்கும் மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பாருங்கள், ஒரு மூலைகூட மடங்கவில்லை. பச்சை மை அப்படியே இருக்கிறது, கைநாட்டின் ரேகையைக்கூட எண்ணலாம். வேறு யார் கையில் இருந்திருந்தாலும் இவ்வளவு பத்திரமாக இருந்திருக்காது. வழக்குக் கட்டில் சேர்க்கும்போது தயவுசெய்து குண்டூசி மட்டும் குத்திவிடாதீர்கள்.