மேல்மாடியில் நிறுத்திய கார்

நல்ல மத்தியானம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கார்பார்க். அதன் மேல்மாடிக்கு ஏறும் சரிவுப் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. வெயில் மட்டும்... சிமெண்ட் தரையில் நின்று கொதித்துக்கொண்டிருந்தது.

“டேய், பேய்க் கதைன்னா நைட்டுல நடக்கணும் லா,” என்றான் ஸைஃப், அணையப்போகும் கரியை அட்டையால் விசிறியபடி.

“ஏன், பேய்க்கு டே ஷிஃப்ட் கிடையாதா?” என்றேன்.

தாரணி சிரித்தாள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பக்கத்து அடுப்புக்காரர்கள் எப்போதோ கிளம்பிவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த சாத்தே இறைச்சிக் குச்சிகளைச் சுற்றி நாங்கள் மூவரும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். இருட்டில் கடல் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

“தெரிஞ்ச ஒருத்தரோட சொந்தக்காரருக்கு நடந்தது,” என்று ஆரம்பித்தேன். பேய்கள் நமக்கு நேரடியாக அறிமுகம் ஆவதே இல்லை.

அந்த மனிதருக்கு மார்சிலிங்கில் வீடு. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வேலை. கார் புத்தம் புதிது. நம் ஊரில் அரசாங்க அனுமதிப்படி காருக்கு ஆயுள் பத்து வருஷம் என்பதால் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு அப்படிக் கெடு ஏதும் இல்லை. அது பாட்டுக்கு வளரும்.

அவருக்கு இரண்டு வயதில் ஒரு மகள். தினமும் அவளைச் சைல்ட்கேரில் விடுவது மனைவி. அன்றைக்கு மனைவிக்கு அதிகாலை ஷிஃப்ட். முதல் நாள் இரவே சொல்லிவைத்தாள்.

“நாளைக்கு பாப்பாவ நீங்கதான் விடணும். மறந்துடாதீங்க.”

“பெத்த பிள்ளைய எவனாவது மறப்பானா?” என்றார் அவர்.

காலையில் தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்திருக்கும் சின்ன இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார். கார் கிளம்பியது. ஸ்பீக்கரில் மேலாளர் பேச ஆரம்பித்தார். இவர் “யெஸ் சார்” சொல்லிக்கொண்டே வந்தார். குழந்தை விழிக்கவில்லை. கார் தினமும் எங்கே போகுமோ அங்கேயே போய் நின்றது.

மேல்மாடியில்தான் இடம் இருந்தது. திறந்தவெளி. வெயிலில் டாஷ்போர்டு வெடித்துவிடும் என்று முன்கண்ணாடியில் வெள்ளித் திரையை விரித்து, ஓரமெல்லாம் நீவிவிட்டார். பின் கண்ணாடிகளில் கறுப்பு வலை ஏற்கெனவே இருந்தது. காருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பூட்டிவிட்டு இறங்கினார். கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

ஸைஃப் விசிறுவதை நிறுத்தினான்.

சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்கிறவர் சாதாரணமாகக் கேட்டார், “பாப்பா எப்படி இருக்கா?” அவ்வளவுதான். இவர் இலையில் வைத்த கையோடு அப்படியே எழுந்து ஓடினார். மின்தூக்கிக்குக்கூட நிற்கவில்லை. சரிவுப் பாதை முழுக்க ஓட்டம்... கையில் சாம்பார், வாயில் சோறு.

கதவுப் பிடி சுட்டது. திறந்ததும் ஒரு வாடை. சூடான பிளாஸ்டிக், புளித்த பால்.

இருக்கை காலி.

பெல்ட் போட்டது போட்டபடி இருந்தது. யாரும் கழற்றவில்லை. மெத்தை நனைந்திருந்தது... ஒரு சின்ன முதுகின் அளவுக்கு. கீழே ஒற்றைச் செருப்பு.

சைல்ட்கேருக்கு அழைத்தார். எடுத்தவர் ஷபானா டீச்சர்.

“யாமினியா? சாப்பிட்டுத் தூங்குறா சார். காலையில நீங்கதானே கொண்டாந்து விட்டீங்க? அவ அழுறான்னு எவ்ளோ நேரம் நின்னீங்க லா. அப்பான்னா இப்படி இருக்கணும்னு இங்க எல்லாரும் பேசிக்கிட்டோம்.”

யாமினி என்ற பெயரைக் கேட்டதும் தாரணி கையிலிருந்த சாத்தேயைக் கீழே வைத்தாள். நான் கவனித்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

அந்த மனிதர் அப்போதே ‘இல்லை, நான் விடவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஆமா,” என்றார். “நான்தான் விட்டேன்.”

சாயங்காலம் போய் அழைத்தார். யாமினி அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வேறு யாரையோ தேடினாள். அவர் கையில் காரில் கிடந்த செருப்பு. அவள் காலிலோ இரண்டு செருப்பும் இருந்தன.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே நன்றாக நடந்தது. அதுதான் பயங்கரம். “நேத்து பாப்பாவுக்கு நீங்க சொன்ன கதைய இன்னிக்கும் கேக்குறா,” என்பாள் மனைவி. நேற்று அவர் வீடு திரும்பியபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தது. “எவ்ளோ மாறிட்டீங்க தெரியுமா?” என்று அவர் தோளில் சாய்வாள். அது நான் இல்லை என்ற சொல் வாய் வரை வரும். சொன்னால் அந்தக் காலையிலிருந்து சொல்ல வேண்டும். வெளிநாட்டில் ஒருவன் இப்படிக் குழந்தையை மறந்துபோன செய்திக்குக் கீழே இவரே ஒருமுறை எழுதியிருக்கிறார், ‘இவனெல்லாம் ஒரு அப்பனா?’ என்று. நிறைய லைக் விழுந்தது.

ஒருநாள் அழைக்கப் போனபோது ஷபானா டீச்சர் விழித்தார்.

“சார், இப்பதானே கூட்டிட்டுப் போனீங்க?”

வீடு இருக்கும் அடுக்குமாடி புளோக்குக்கு ஓடினார். வீட்டு வாசலில் இரும்பு கேட் பூட்டியிருந்தது. உள்கதவு திறந்திருந்தது. மேசையில் மூன்று பேர். மனைவி, யாமினி... அவரே. மேசையிலிருந்த அவர் தோசையைப் பிய்த்து, ஆற்றி, யாமினிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அங்க யாரு?” என்றாள் யாமினி, கேட்டைக் காட்டி.

மேசையிலிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “வீடு மாறி வந்துட்டாங்க போலடா செல்லம்.”

மனைவி எழுந்து வந்தாள். முகத்துக்கு நேராகப் பார்த்தாள். “எந்த வீடு வேணும்?”

ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ‘நான்தான் உன் புருஷன். குழந்தையைக் கார்ல வெச்சு மறந்தவன் நான்தான்.’ அவர் அதைச் சொல்லவில்லை. அவள் “சாரி” என்று கதவைச் சாத்தினாள்.

அத்துடன் கதையை முடித்தேன்.

“அது என் பெரியப்பா பையன். ரமணன் அண்ணன்,” என்றாள் தாரணி. “வைஷாலி அண்ணியோட ஷிஃப்ட், மார்சிலிங் வீடு, யாமினி... எல்லாம் சரியா சொல்ற. ஆனா போன ஞாயிறு எங்க வீட்டுக்கு வந்தாங்களே? கார வித்துட்டோம்னு மூணு பேரும் எம்ஆர்டி ரயில்ல வந்தாங்க. அண்ணன் அவ்ளோ நல்லா இருந்தாரு. உனக்கு யாரு சொன்னா இத?”

“சாப்பாடு டெலிவரிக்குப் போனேன். முகவரியே விசித்திரமா இருந்துச்சு. கார்பார்க், மேல்மாடி, வெள்ளித் திரை போட்ட கார். கண்ணாடிய பொட்டலம் நுழையற அளவுக்குத்தான் இறக்கினாரு. உள்ள அனலு. இட்லிய வாங்கிக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாரு. பேரு கேட்டேன்...”

“என்ன பேரு?” என்றான் ஸைஃப்.

“ரமணன்.”

தாரணி கைப்பேசியை எடுத்து அண்ணனுக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி இரண்டு முறைகூட அடிக்கவில்லை.

“மெதுவா பேசும்மா,” என்றது கிசுகிசுப்பான ஒரு குரல். “பாப்பாவ தூங்க வெச்சிட்டிருக்கேன்.” அத்தனை பொறுமையான குரலை நான் எந்த அப்பாவிடமும் கேட்டதில்லை.

“அண்ணே... என் ஃப்ரெண்டு ஒருத்தன்... லிட்டில் இந்தியா கார்பார்க்குல உங்கள மாதிரியே ஒருத்தர பார்த்தானாம். காருக்குள்ள.”

குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மெத்து... மெத்து... பிறகு அதுவும் நின்றது.

“அழுதாலும் யாரும் கார் கதவத் திறக்காதீங்கம்மா,” என்றார் அவர். “கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும்.”