சட்டியில் இருந்தது, தாளில் இல்லை

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, என்னைப் போன்ற வாயாடிகளையும் பொறுத்துக்கொண்டிருக்கும் ஊர்த்தலைவர் லாவினா மீக்கிஸ் அவர்களே! வெள்ளைமீன் ஏரியின் கரையெங்கிலும் இருந்து பனிவண்டி ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! எழுந்த கையோடு ரொட்டி சுட்டு எங்கள் வயிற்றை நிரப்பிய தாய்மார்களே! முன்வரிசையில் மடியில் கோப்போடு அமர்ந்திருக்கும் மரக் கம்பெனி அதிகாரி டேரன் அவர்களே! அனைவருக்கும் சைலஸ் பியர்டியின் வணக்கம்.

நான் குற்றம் சாட்ட வந்திருக்கிறேன். முதல் குற்றவாளி யார் தெரியுமா? இதோ, உங்கள் முன் நிற்கும் நான்தான்!

சென்ற இலையுதிர் காலத்தில் டேரன் என் வீட்டுக்கு வந்தார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தாளை விரித்தார், பேனாவைத் திறந்தார்.

"சைலஸ் சார், நீளத்தீவுப் பக்கத்துக் காட்டுல காரிபு மான் இருக்கா?"

"யாருக்குங்க தெரியும்? ஒண்ணும் இருக்காது" என்றேன்.

சிரிக்கிறீர்களே, உங்களுக்குப் புரிகிறது! நம்மில் எந்த வேட்டைக்காரன் "இருக்கு, ஏகப்பட்டது இருக்கு" என்று மார்தட்டியிருக்கிறான்? தட்டினால் மான் மனம் வெறுத்து அகன்றுவிடும் என்றுதானே வளர்ந்தோம்? நம் வாயில் "இருக்காது" என்றால் மரியாதை. அவர் தாளில் "இருக்காது" என்றால் இல்லை!

எழுதி முடித்துவிட்டு மூன்று தட்டு சாப்பிட்டார். "பிரமாதம்மா! என்ன கறி இது?" என்று கேட்டார். என் வாய்தான் கட்டுப்பட்டிருந்தது, என் மனைவி கிளாராவின் வாயை யார் கட்டுவது?

"இப்பத்தான் இல்லைன்னு எழுதினீங்களே தம்பி, அதோட கறிதான்!"

வேடிக்கை என்று நினைத்து அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று எனக்கு என் மீதே வெறுப்பாக இருக்கிறது.

அந்த ஒற்றைத் தாளைக் காட்டித்தான் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அடுத்த வாரம் இயந்திரங்கள் வருகின்றன, அந்தக் காட்டை மொட்டையடிக்க. கேட்டால், "வெட்டுற இடத்துல எல்லாம் கன்னு நட்டுடுவோம்" என்கிறார்கள். என்ன கருணை! என்ன கரிசனம்! ஐயா, கன்றா மானுக்குச் சோறு? முதிர்ந்த மரத்தடியில், ஒரு மனித ஆயுள் காலம் எடுத்து வளரும் வெண்பாசியல்லவா அதன் பனிக்காலச் சோறு! இளங்கன்றைத் தேடி வருவது மூஸ் என்கிற பெருங்கடமான். கடமானைத் தேடி வருவது ஓநாய். பனியில் திணறி நடந்த ஓநாய்க்கு வழுவழுவென்று சாலை போட்டுக் கொடுப்பது யார்? நீங்கள்! பிறகு, "ஓநாய்தாங்க தின்னுடுச்சு" என்று அறிக்கை எழுதுவது யார்? அதுவும் நீங்கள்!

என்ன, பின்வரிசையில் ஏதோ கேட்கிறார்கள்? "நீயும்தானே தின்னே?" என்கிறீர்களா? தின்றேன் ஐயா! ஆண்டுக்கு ஒன்று, பதினான்கு வீட்டுக்குப் பங்கு. என் பாட்டனுக்குப் பாட்டனும் தின்றான். நாங்கள் தின்றும் மிஞ்சிய கூட்டம், உங்கள் சாலை வந்தால் மிஞ்சுமா?

பெரியோர்களே, இப்போது நான் செய்யப்போவதை எந்த வேட்டைக்காரனும் மேடையில் செய்ததில்லை. என்னை ஏசுங்கள், ஆனால் தடுக்காதீர்கள்.

இருக்கின்றன! நீளத்தீவுப் பக்கத்துக் காட்டில் காரிபு மான்கள் இருக்கின்றன! பத்தொன்பது தாய்மான்கள். பனிக்காலம் முழுதும் அந்தக் காட்டில் பாசியைக் கிளறித் தின்றுவிட்டு, ஏரிப் பனி உடையுமுன் அதே பழைய தடத்தில் தீவுக்கு நடந்து, ஓநாய் எட்டாத இடத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே குட்டி ஈனுகின்றன. போன வாரம் அந்தத் தடத்தின் ஓரத்தில் படுத்து, என் இரு கண்ணாலும் எண்ணினேன்!

டேரன் தம்பி, மேலே வாருங்கள். அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். "இல்லை" என்பதை அடியுங்கள். "இருக்கிறது" என்று எழுதுங்கள். இங்கேயே, எல்லோர் கண்முன்னும். பேனா இருக்கிறதா, இல்லை "யாருக்குத் தெரியும்" என்பீர்களா?

பேசவிட்ட தலைவருக்கும், கேட்டிருந்த ஊருக்கும் என் நன்றி. தீவுக்கு நடந்துகொண்டிருக்கும் தாய்களே, உங்களை ஊரறியச் சொல்லிவிட்டேன். அகன்று போய்விடாதீர்கள். உங்களுக்கும் என் வணக்கம்.