மாதேசு இல்லாத பைனல்

போச்சம்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரே கம்பெனி யூனிபார்ம் போட்ட இரண்டு பேர். கம்பெனிகளுக்குள் நடக்கும் புட்பால் போட்டியில் அவர்கள் டீம் பைனலுக்கு வந்துவிட்டதாம். பெரியவர் சொன்னதுதான் என் காதை இழுத்தது.

“எல்லா மேட்சும் ஜெயிச்சிட்டோம். ஆனா கப்பு அடிக்கிற டீம் இல்லடா நம்முது.”

“இன்னாண்ணா, வாய வச்சிட்ட?”

“கோலெல்லாம் போட்டது யாரு?”

“மாதேசு.”

“அவன் காண்ட்ராக்ட் லேபரு. பைனலுக்கு மொதலாளி வர்றாரு. பர்மனென்ட் ஆளுங்க மட்டும் ஆடுனாப் போதும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.”

“இத்தன மேட்சு ஆடுனானே?”

“அப்ப யாரு பாக்க வந்தாங்க?”



“கப்பு அடிச்சா பர்மனென்ட் பண்ணிடுவாங்கன்னு பொண்ணு வீட்டுல சொல்லி வச்சிருக்கான்ணா. நாட்றாம்பாளையத்துலேர்ந்து அவங்கெல்லாம் பைனல் பாக்க வர்றாங்க.”

“வரட்டும். அவனும் கிரவுண்டுல இருப்பான்.”

“சப்ஸ்டிட்யூட்டாவா?”

“சுண்ணாம்புக் கோடு போட. அதுக்கு அவனத்தான் வரச் சொல்லியிருக்காங்க.”