மாடி ஓரத்துக் கடைசல்

தேக்குத் தூசு எனக்கு இந்த வயதிலும் ஒத்துக்கொள்வதில்லை, ஐயா. நடுவில் தும்மினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மரவேலைக்குப் பேர்போன ஜெபாராவில் பிறந்து, மாடிப்படிக் கைப்பிடிக்குத் தூண் கடைந்தே தலை நரைத்தவனுக்கு இப்படி ஒரு மூக்கு.

செத்துப்போன பிரப்தோ என் தங்கை சுலஸ்திரியின் புருஷன். ஒரே பட்டறை, நான் கடைவேன், அவன் கொண்டுபோய் மாட்டுவான். நல்ல வேலைக்காரன், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. நான் கடைந்த தூண்களை அச்சுப் பலகையோடு வைத்துப் பார்ப்பான், பிடிக்காததைக் காலால் ஒதுக்குவான். ஒருநாள் முதலாளி ஹாஜி முக்லாஸ் முன்னாலேயே, "மச்சான், உங்க தூணுக்கெல்லாம் தொந்தி விழுந்திருச்சு. உங்க வயித்தப் பாக்காம கடைங்க" என்றான். முதலாளியும் சேர்ந்து சிரித்தார். பட்டறைப் பொறுப்பை அவனிடம் கொடுக்கப்போவதாகவும் பேச்சு அடிபட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். வேலை முடிந்ததும், மாட்டியவன் மாடி ஓரத்தில் நின்று, வீட்டுக்காரர் பார்க்கக் கைப்பிடியில் முழுப்பாரத்தையும் போட்டுச் சாய்ந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மஞ்சள் சோறும் கோழியும் பரிமாறுவார்கள். அந்த நேரத்தில் கைப்பிடி ஆடிப்போனால் அவன் மானம் போகும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

தூணின் இரண்டு முனையிலும் கழுந்து இருக்கும். துளைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்வது அதுதான். கடைசியாக வந்த மாடி வீட்டு வேலைக்கு அதை அறுத்தெடுத்து, தேக்குத் தூளைப் பசையில் குழைத்து மறுபடி ஒட்டினேன். பார்த்தால் தெரியாது. இந்தத் தடவை தொந்தியும் விழவில்லை, அச்சுக்கு அப்படியே பொருந்தியது. பிரப்தோ தடவிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மச்சான் கை தெளிஞ்சிருக்கு" என்று தோளில் தட்டினான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பாவி, திறக்கவில்லை.

சாய்ந்தான். கீழே கல் தரை.

அவசரத்தில் சரியாக மாட்டவில்லை என்று ஊர் பேசியது. அது நிஜமா என்று சுலஸ்திரி என்னிடம்தான் வந்து கேட்டாள். ஆமாம் என்றேன். ஏழாம் நாள் ஓதல் முடிந்து, அவனை அடக்கம் செய்த இடத்துக்கு எல்லாரும் பூ எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவள் எழுந்திருக்கவில்லை.

"தன் வேலைய ஒழுங்காப் பாக்காம என்னை நட்டாத்துல விட்டுட்டுப் போனவருக்கு நான் ஏண்ணே பூப் போடணும்?"

எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தக் காபி இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை, ஐயா. அவள் அவனுக்குப் பூப் போட வேண்டும். அதற்காகத்தான் போலீஸ் ஸ்டேஷன் தேடி உங்களிடம் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவனை அவமானப்படுத்தத்தான் நினைத்தேன், கொல்ல நினைக்கவில்லை. எத்தனை தூண் அறுத்தாய் என்றா கேட்கிறீர்கள்? அவமானத்துக்கு ஒன்று போதும்தான். மாடி ஓரத்தில் நின்ற எல்லாவற்றையும் அறுத்தேன், பாரம் தாங்கும் மூலைத் தூணையும் சேர்த்து.