மூடி போடும் முன் மூன்று தட்டு

மார்கழி. மணி ஒன்றே கால். வண்டலூர் தாண்டிய ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்று பனி எப்படி என்றால், வண்டியின் விளக்கு வெளிச்சம் வண்டிக்கே திரும்பி வந்தது... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என்னால் கத்திச் சொல்ல முடியாது.

என் சிநேகிதன் துலுக்காணத்தின் மச்சான் ஜெயவேலு. பாமாயில் டேங்கர் ஓட்டுபவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், என்னைப் போல.

அன்று திருமுடிவாக்கத்தில் ஒரு ஷெட்டில் டேங்கைக் கழுவினார்கள். வெந்நீர் அடித்து, ஆள் உள்ளே இறங்கித் துடைக்க வேண்டும். இறங்கியவன் மாற்று டிரைவர் பாலு. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மூடி போடும் முன் டேங்கை மூன்று தட்டு தட்டுவார்கள். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு மூன்று தட்டு வரும்.

ஜெயவேலு டீ குடித்துவிட்டு வந்தார். கேபினில், சீட்டுக்குப் பின்னால், பாலு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். அவன்தான் மேலே வந்துவிட்டானே என்று, தட்டாமலே மூடியை முறுக்கிவிட்டுக் கிளம்பினார். குளிர். சோம்பல். அவ்வளவுதான்.

கூடுவாஞ்சேரி தாண்டியதும் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

காலி டேங்கில் எழும் சத்தம். உள்ளேயிருந்து.

ஓரங்கட்டினார். திரும்பிக் கையை நீட்டிக் கம்பளியைத் தொட்டார். ஆள் இருந்தது. அசைந்தது. சரி, எலியாக இருக்கும் என்று மேலே ஏறி மூடியைத் திறந்தார். குப்பென்று எண்ணெய் வாடை, அடங்காத ஆவி. மொபைல் வெளிச்சம் அடிவரை போகவில்லை.

"அண்ணா... இன்னாத்துக்குத் தட்டாம மூட்ன? நான் உள்ளதான கீறேன்."

பாலுவின் குரல். மூச்சு வாங்கியது.

அதே நேரம் கீழே கேபின் கதவு திறந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாலு.

"யாராண்ட பேசிகினு கீற? எறங்குண்ணா, பனி கொட்டுது."

ஜெயவேலு மூடியைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் பார்த்தார். எப்படியோ ஒரு கேள்வி கேட்டார். உன் பொண்டாட்டி பேர் என்ன?

"சரிதா." டேங்குக்குள்ளிருந்தும், கீழே கேபின் கதவருகிலிருந்தும், ஒரே நேரத்தில்.

மனுஷர் என்ன செய்வார்? ஒருத்தன் கண்ணுக்குத் தெரிகிறான், ஒருத்தன் தெரியவில்லை. தெரிந்தவனை நம்பினார். மூடியைப் போட்டார். பொத்தேரி வரைக்கும் தட்டு கேட்டதாம். பிறகு மெல்ல... இடைவெளி விட்டு... பிறகு இல்லை.

மறுநாள் தூத்துக்குடியில் லோடு ஏற்றத் திறந்து பார்த்தார்கள். உள்ளே யாரும் இல்லை. சுத்தமாக இருந்தது. ஜெயவேலு சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து வீடு வந்தார்.

பாலு இப்போது பெருங்களத்தூரில்தான் இருக்கிறான். நல்லபடியாக இருக்கிறான். குடியை விட்டுவிட்டான், சண்டை இல்லை, பசி என்றுகூடக் கேட்பதில்லை. சரிதாவுக்கு முதலில் சந்தோஷம்தான். எத்தனை துவைத்தாலும் கம்பளியில் எண்ணெய் வாடை போகவில்லை என்பது ஒன்றுதான் குறை.

போன வாரம் ராத்திரி அவனுக்கு இருமல். பாவம் என்று எழுந்து, முதுகில் மெதுவாக மூன்று தட்டு தட்டியிருக்கிறாள்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இருமல் நின்றுவிட்டது.

முதுகுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது... டொக்... டொக்... டொக்.