சிக்னேவின் விண்ணப்பமும் எங்கள் ஊரின் வாய்ப்பூட்டும்

கையில் மணியோடும் கண்ணில் கண்டிப்போடும் இந்த மீன் விருந்துக்குத் தலைமையேற்றிருக்கும் பள்ளித் தலைமையாசிரியை ரக்னில் அம்மையார் அவர்களே! வலை இழுத்து இழுத்துக் கை காய்த்துப்போன பெரியவர்களே! பிள்ளைகளைப் பனிக்காற்றில் தூங்கவைத்து உரமேற்றிய தாய்மார்களே! கோடை முடிகிறதே என்று முகம் வாடி உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே! உல்வ்ஹாம் துறைமுகத்தில் கூடியிருக்கும் உங்கள் அனைவருக்கும், ஓய்வு பெறும்வரை இந்த ஊர்த் தெருவிளக்குகளைப் பார்த்துக்கொண்ட எஸ்கிலின் வணக்கம்.

யார் அங்கே மீன் டப்பாவைத் திறப்பது? ஓலோஃப், நீதானா? வை கீழே! வருடம் முழுக்கப் புளித்த மீன் இன்னும் கொஞ்ச நேரம் புளிக்கட்டும். நான் இன்று புகழ வரவில்லை. புலம்ப வந்திருக்கிறேன்.

தெற்கே இருக்கிற பல்கலைக்கழகம் வானியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆள் எடுக்கிறது. கட்டணம் கேட்கிறதா? இல்லை, மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறது! விடுமுறை உண்டு. பிள்ளை பிறந்தால் அப்பனுக்கும் அம்மாவுக்கும் விடுப்பு உண்டு. சிலி நாட்டு மலையுச்சியில், உலகமே பொறாமைப்படும் தொலைநோக்கியில் வானம் பார்க்க முறை உண்டு. இத்தாலியிலிருந்து விண்ணப்பம் எழுதுகிறார்கள். இந்தியாவிலிருந்து எழுதுகிறார்கள். நான் அதைப் படித்தேன், நான் இதைக் கண்டேன் என்று அடுக்கி அடுக்கி எழுதுகிறார்கள். எழுதட்டும், அதில் என்ன தப்பு? நம் ஊரிலிருந்து எத்தனை பேர் எழுதினார்கள்? ஒருத்தி! மெர்த்தாவின் மகள் சிக்னே ஒருத்தி! அந்த ஒருத்தியும் என்ன எழுதினாள்? அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாறும் விண்மீன் ஒன்று இருக்கிறது. மங்கும், பிரகாசிக்கும், மறுபடி மங்கும். எப்போது மங்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அது தப்பு என்று கண்டுபிடித்தவள் இந்தப் பெண். குளிர்காலம் தவறாமல் வந்து, "எஸ்கில் மாமா, துறைமுக விளக்கை மட்டும் அணைங்களேன்" என்று என் உயிரை வாங்கினவள். ஸ்பெயினில் ஒருவர், ஜப்பானில் ஒருவர், அவள் சொன்னதே சரி என்று அளந்து பார்த்து எழுதினார்கள். அப்படிப்பட்டவள் விண்ணப்பத்தில் எழுதியது இது: "ஒரு விண்மீனைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் மிகவும் உதவினார்கள்."

கொஞ்சமாம்! பார்த்தாளாம்! யார் உதவினார்கள்? விளக்கை அணைத்தது உதவியா?

சிரிக்காதீர்கள். சிரிக்க இது கதையில்லை. போன வசந்தத்தில் அவளுக்கு வேண்டாம் என்று பதில் வந்துவிட்டது. ஆனால் ஓர் இடம் இன்னும் நிரம்பாமல் கிடக்கிறது, மறுபடி அறிவித்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது. இவளோ, "ஒரு தடவை வேணாம்னு சொன்ன வீட்டு வாசல்ல மறுபடி போய் நிக்கிறது நல்லாவா இருக்கும், மாமா?" என்கிறாள்.

சரி, இவள்தான் சின்னவள். இவளுக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் யால்மார் பெரியவர்தானே? பரிந்துரைக் கடிதத்தில் அவர் என்ன எழுதினார் தெரியுமா? "மோசமில்லை." அவ்வளவுதான்! நம் ஊரில் கல்யாண விருந்து தின்றுவிட்டுச் சொல்வோமே, அதே சொல். நமக்கு அது பொற்கிழி. அங்கே தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிற இத்தாலிக்காரருக்கு அது என்ன? "ஓகோ, ஏதோ சுமாரான பெண்" என்று அடுத்த தாளைப் புரட்டியிருப்பார்!

நேரில் கேட்கலாம் என்று போனேன். கோடை வந்தால் நம் நாட்டில் யார் வீட்டில் இருக்கிறார்கள்? காட்டுக்குள், ஏரிக்கரைக் குடிசைக்குப் பக்கத்துச் சதுப்பில், முழங்கால் புதைய மஞ்சள் நிறக் காட்டுப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்.

"யால்மார், மோசமில்லைன்னு எழுதினியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"ஏன்ப்பா? உள்ளதுலேயே பெரிய வார்த்தையா பாத்துத்தானே போட்டேன்?"

"அது உனக்கும் எனக்கும் பெருசு. வெளியூர்க்காரனுக்கு எப்படிப் புரியும்?"

"அதுக்கு மேல எழுதினா பொண்ணுக்குத் தலைக்கனம் ஏறிடாதா?"

"தலைக்கனம் இருக்கட்டும். அவளுக்குத் தலை இருக்குன்னாவது எழுதக் கூடாதா?"

வாளியை நீட்டி, "பழம் சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன். மோசமில்லை.

இதோ, மெர்த்தா எழுந்துவிட்டாள். என்னம்மா? "எஸ்கில், போதும், என் பிள்ளையை ஊருக்கு முன்னால தூக்கி வைக்காத, எனக்குக் கூச்சமா இருக்கு" என்கிறாயா? உட்கார், தாயே! நான் கேட்கிறேன், எல்லோரையும் கேட்கிறேன். உலகமே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இந்த மீனை, எங்கள் மீன்தான் மீன், எங்கள் கடல்தான் கடல் என்று மார்தட்டுகிறீர்களே! மீனைப் புகழ நீளும் நாக்கு, மகளைப் புகழ ஏன் மடங்குகிறது? அடக்கம் நல்லதுதான். உள்ளதைச் சொல்வது எப்படி ஆணவம் ஆகும்? செய்ததைச் செய்தேன் என்று சொல்லாவிட்டால், செய்யாததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சிக்னே, எழுந்திரு. எழுந்திரு, மகளே. இங்கே இத்தாலிக்காரர் இல்லை, நம் சனம்தான். அந்த விண்மீனை என்ன செய்தாய்? சத்தமாகச் சொல்.

என்ன? "சும்மா பார்த்தேன்" என்கிறாயா? கேட்டீர்களா இந்தக் கொடுமையை! மறுபடி சொல். ரக்னில் அம்மையார் மணி அடிக்கப் போகிறார், அடிக்கட்டும். நீ சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

...

கேட்டீர்களா? பின்வரிசைக்கும் கேட்டதா? கேட்காதவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன்: "அந்த விண்மீன் மங்குற நேரத்தைப் புத்தகம் தப்பாச் சொல்லுது. சரியானதை நான்தான் கண்டுபிடிச்சேன்." நான்தான் என்றாள்! முகம் சிவந்தது, ஆனாலும் சொல்லிவிட்டாள்!

ஏன் இப்படி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள்? வானம் இடிந்ததா? கடல் பின்வாங்கியதா? அட, யால்மார் எழுந்திருக்கிறார். சொல், யால்மார். "என்கிட்ட படிச்சவங்கள்ல இவ மோச..." ஏய்! அந்தச் சொல்லை முடிக்க விடாதீர்கள் அவரை! ஆ, இப்போது சொல்கிறார்: "இவளை மாதிரி ஒருத்தர் என்கிட்ட படிச்சதே இல்ல." இவ்வளவு நாள் இதை எங்கேயப்பா ஒளித்து வைத்திருந்தாய்!

மெர்த்தா அழுகிறாள். அழட்டும். நான் இனிப் பேச ஒன்றுமில்லை. சிக்னே, நீ சொன்னதை நீ எழுது. யால்மார், நீ சொன்னதை நீ எழுது. ஒரு எழுத்தைக்கூடக் குறைக்காமல் இன்றைக்கே அனுப்புங்கள். இவ்வளவு நேரம் பசியோடு என் எரிச்சலைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் நன்றி கூறி, முதன்முதலாக "நான்" என்று சொன்ன இந்தப் பெண்ணுக்கு எழுந்து நின்று என் வணக்கத்தைச் செலுத்தி இறங்குகிறேன்.